குறுக்கு வழியா கேஸ்ட்ரிக் பேண்ட்?

"ஆபரேஷன் பண்ணி இளைச்சது ஒரு பெரிய விஷயமா?" கேஸ்ட்ரிக் பேண்ட் போட்டவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நியூஜெர்சி ஆளுநராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி 2013 பிப்ரவரியில் ரகசியமாகத்தான் போட்டுக்கொண்டார். மே மாதம்தான் வெளியே தெரிந்தது.

இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிகோன் வளையம். தோலுக்கடியில் உள்ள போர்ட் வழியாக உப்புநீர் ஏற்றினால் இறுகும், எடுத்தால் தளரும். அவ்வளவுதான். மீதி வேலை சாப்பிடுபவருடையது.

முதலில் நீராகாரம், பிறகு மசித்த உணவு, சில வாரங்கள் கழித்தே கெட்டி உணவு. ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். அவசரப்பட்டால் ரொட்டியோ இறைச்சியோ சிக்கி நெஞ்சை அடைக்கும், வாந்தியில் முடியும். விருந்தில் எல்லோரும் கை கழுவும்போது இவர் தட்டு பாதிகூடக் காலியாகியிருக்காது.

வேடிக்கை என்னவென்றால், ஐஸ்கிரீமும் மில்க்ஷேக்கும் சுலபமாக வழுக்கி இறங்கிவிடும்! வளையத்துக்குக் கலோரி கணக்குத் தெரியாது. இறைச்சி சிக்குகிறதே என்று இனிப்புக்குத் தாவினால் எடை குறையாது.

வளையம் நழுவுவது போன்ற தொல்லைகளால் இன்று பலரும் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் முறைக்கு மாறிவிட்டார்கள். ஆனால் கவலை வந்தால் தின்பண்டத்தைத் தேடும் கையை எந்த ஆபரேஷனும் கட்டிப்போடாது. அதை அவரேதான் தினமும் மடக்கிக்கொள்ள வேண்டும். இதுவா குறுக்கு வழி?