ஒரே கூரையின் கீழ் ஓராண்டு

பாடசாலை நாட்களில் விடுதி என்றதும் என் நினைவுக்கு வருவது மணியோசைதான். எழும்ப ஒரு மணி, செபிக்க ஒரு மணி, உண்ண ஒரு மணி. மணியடிக்க ஓர் அருட்சகோதரி எப்போதும் இருந்தார். மணியடிக்க எவருமில்லாத இடத்தில் பிறரோடு கூடி வாழ்வது எத்துணைக் கடினமான பாடம் என்பதை, 2018ஆம் ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மகளிர் விடுதியொன்றில் காலடி வைத்த பின்னரே உணர்ந்தேன்.

மன்னாரின் மணலும் உப்புக்காற்றும் பழகிய எனக்கு, ஹந்தானை மலையின் பனிமூட்டமும் மகாவலி கங்கையின் சலசலப்பும் புதுமையாக இருந்தன. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1952 முதல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. மாணவர் ஒன்றாகத் தங்கிக் கற்கும் கழகமாக அதனை உருவாக்கியவர் முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். 1954இல் முறைப்படி திறந்துவைக்க வந்த எடின்பரோ கோமகன், கழகம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தமையால், அதனை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திறந்துவைப்பதாக வேடிக்கையாகக் கூறினார். அவ்வேடிக்கையின் பொருள் எனக்கு விளங்க ஓராண்டு சென்றது.

எங்கள் அறையில் நால்வர். மாத்தறையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வந்த இரு சிங்களத் தோழியர், கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் தோழி, நான். பெயர் சொல்லி அழைப்பதை விட்டு, ஊர் சொல்லியே அழைத்துக்கொண்டோம். சிங்களம் தெரியாது தவித்த எனக்கு முதல் மாதங்களில் வாய்திறந்து பேசக் கிடைத்தவள் 'கிண்ணியா' ஒருத்தியே. வைகறையில் அவள் தொழுகைக்கு எழும்புவாள். என்னையும் தட்டி எழுப்புவாள். அவள் தொழுகைப் பாயை விரிப்பாள். நான் கட்டிலில் அமர்ந்து செபமாலை சொல்வேன். அந்த அரைமணி நேரம் எங்கள் அறையே ஓர் ஆலயமாகும்.

கூட்டு வாழ்வு என்றால் இன்பம் மட்டுமா? குழாயில் நீர் நின்ற நாட்களில் ஒரு வாளித் தண்ணீருக்காகச் சண்டை. மின்விளக்கை அணைக்கும் நேரத்திற்காக முகச்சுளிப்பு. ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்காய்ப் பணியாரத்தை நான் பெட்டிக்குள் ஒளித்துவைத்துத் தனியே உண்டதும் உண்டு! அடுத்த வாரமே மாத்தறைத் தோழி தன் தொதலை நான்காக வெட்டிப் பங்கிட்டபோது நாணித் தலைகுனிந்தேன். காய்ச்சலில் கிடந்த இரவில் கொத்தமல்லி அவித்துத் தந்து, விடியும்வரை என் அருகிலிருந்தவள் கிண்ணியாத் தோழி. நத்தார்த் திருப்பலிக்கு நான் உடுத்திய சேலையை மினுக்கித் தந்தவளும் அவளே.

2019ஆம் ஆண்டு பெரிய வாரத்திற்கு வீடு சென்றிருந்தேன். ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் ஆலயங்களிலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். புத்தாடை உடுத்திப் பூசைக்குச் சென்ற குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். அல்லேலூயா பாடிய நாங்கள் அழுதோம்.

அன்று மாலை கிண்ணியாத் தோழியிடமிருந்து என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. வாசித்தேன்; பதில் அனுப்பவில்லை. மறுநாளும் ஒன்று வந்தது. அதற்கும் அனுப்பவில்லை. பின்னர் எதுவும் வரவில்லை.

சில வாரங்களின் பின் திரும்பிச் செல்லும்போது அம்மா, "மகள், அறையை மாத்தித் தரச் சொல்லிக் கேள்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

அறைக்குள் நுழைந்தேன். கிண்ணியாத் தோழி எனக்கு முன்பே வந்திருந்தாள். அவளது பெட்டி அவிழ்க்கப்படாமல் கதவருகே இருந்தது. "நீங்க மூணு பேரும் சொன்னா நான் வேற அறைக்குப் போறேன்" என்றாள். மூவரும் பேசவில்லை. மறுக்காத மௌனமும் ஒரு மறுமொழிதான் என்பது அப்போது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே மௌனமாயிருந்தேன்.

அது நோன்பு மாதம். அடுத்த நாள் விடியுமுன் ஏதோ ஓசை கேட்டு விழித்தேன். விளக்கைப் போடாமல், எவரையும் எழுப்பாமல், சுவரைப் பார்த்தபடி அவள் பாண் துண்டொன்றை மென்றுகொண்டிருந்தாள். தினமும் என்னைத் தட்டி எழுப்பியவள், இன்று நான் விழித்துவிடுவேனோ என்று அஞ்சி இருளில் உண்கிறாள்! என் அச்சம் பொய்யன்று. ஆயினும் நான் அஞ்சவேண்டியது இவளையா?

எழுந்து விளக்கைப் போட்டேன். தண்ணீர் சுடவைத்துத் தேநீர் ஊற்றினேன். அருகில் அமர்ந்து, "என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டில எல்லாரும் சுகமா எண்டுதானே கேட்டேன். அதுக்கு மட்டுமாவது பதில் போட்டிருக்கலாம்" என்றாள். அவ்வளவே. அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் இன்றும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

விளக்கொளியில் மற்ற இருவரும் விழித்துக்கொண்டனர். குருநாகல் தோழி எழுந்துவந்து, கதவருகே இருந்த பெட்டியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தாள். மறுநாள் முதல் நோன்பு முடியும்வரை எங்களில் ஒருத்தி முறைவைத்து எழும்பித் தேநீர் ஊற்றினோம். எல்லாம் முன்போல் ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒருநாள் மூடிய கதவு மறுபடி முழுமையாகத் திறக்க நாட்கள் பல செல்லும். ஆயினும் ஆண்டிறுதியில் அவள் மீண்டும் என்னைத் தட்டி எழுப்பினாள். நான் செபமாலையைக் கையிலெடுத்தேன்.

அன்புத் தங்கையரே! அயலானை நேசி என்று நாம் மறைக்கல்வி வகுப்பில் மனனம் செய்தோம். அமைதி நிலவும் நாளில் அது எளிது. ஊரெல்லாம் கதவடைக்கும் நாளில், நம் கதவை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திறப்பதே அதன் உண்மைப் பொருள் என அறிந்தேன். நாளை நீங்களும் பல்கலைக்கழக விடுதிகளுக்குச் செல்வீர்கள். அங்கே துன்ப நாளில் உங்களுக்கு ஒரு செய்தி வந்தால், உடனே பதில் அனுப்புங்கள்.

- பழைய மாணவி