‘ரெஸ்பெக்ட்’: ஒரு வினைச்சொல்லும் ஒரு தீர்ப்பும்

‘ரெஸ்பெக்ட்’ என்னும் ஆங்கில வினைச்சொல் இலத்தீனிலிருந்து வந்தது. ‘திரும்பிப் பார்த்தல்’ என்பது அதன் மூலப்பொருள். இன்று அதற்கு இரண்டு பொருள்கள் முதன்மையானவை. ஒன்று, உயர்வாக எண்ணிப் போற்றுதல். மற்றொன்று, பிறர் உரிமையிலோ எல்லையிலோ தலையிடாதிருத்தல். ஆசிரியரை மதிப்பது முதல் வகை. ஒருவரது தனிமையை மதிப்பது இரண்டாம் வகை. தமிழின் ‘மதி’ இவ்விரு பொருளையும் தாங்கும், ‘வணங்கு’ தாங்காது. தனிமையை வணங்கு என எவரும் சொல்வதில்லை.

1985இல் கேரளத்தில் மூன்று குழந்தைகளின் படிப்பு இந்தச் சொல்லைச் சார்ந்து நின்றது. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த அவர்கள், பள்ளியில் நாட்டுப்பண் இசைக்கப்படும்போது எழுந்து நின்றனர். சமய நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். நாட்டுப்பண்ணை மதிப்பது குடிமக்களின் கடமை என்கிறது அரசமைப்பின் பிரிவு 51ஏ. அதன் ஆங்கில மூலத்தில் உள்ளதும் இதே வினைச்சொல்தான். அப்படியானால், பாடாதிருப்பது அவமதிப்பா?

அன்று என்றது உச்ச நீதிமன்றம், 1986 ஆகஸ்ட் 11 அன்று. நாட்டுப்பண் பாடப்படும்போது எழுந்து நிற்பதே உரிய மதிப்பு என்று நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதினார். குழந்தைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணை பிறந்தது.

எழுந்து நின்ற குழந்தைகள் நாட்டுப்பண்ணை முதற்பொருளில் மதித்தனர். நீதிமன்றம் அவர்களது மனச்சான்றை இரண்டாம் பொருளில் மதித்தது.