மக்காச்சோளத்தின் மேல் நிழல் விழாமல்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், அர்பானாவும் ஷாம்பெய்னும் ஒட்டிக் கிடக்கும் இரட்டை ஊர்கள். அங்கே கிரீன் தெருவும் ரைட் தெருவும் சந்திக்கும் மூலையில் 'ஆல்மா மேட்டர்' என்ற வெண்கலச் சிலை இரு கைகளையும் விரித்து நிற்கிறது. லொராடோ டாஃப்ட் வடித்தது, 1929-ல் திறந்தார்கள். பட்டம் வாங்கிய பிள்ளைகள் அங்கியோடு அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கம் போனேன். அங்கே இன்னும் இரண்டு உருவங்கள் உண்டு. பட்டறை உடையில் நிற்கும் ஆண், உழைப்பு. நீண்ட ஆடை அணிந்த பெண், கல்வி. இருவரும் கைகோத்திருக்கிறார்கள். 'கல்வியும் உழைப்பும்' என்பதுதான் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கொள்கை வாசகம்.

இதன் வேர் 1862-ல் இருக்கிறது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதைக் கொண்டுவந்த ஜஸ்டின் மாரில் ஒரு கொல்லரின் மகன், பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். ஒரு மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தில் எத்தனை உறுப்பினர்களோ, அத்தனை 30,000 ஏக்கர். அதை விற்று வரும் பணத்தை முதலாக வைத்து, வேளாண்மையும் பொறியியலும் சொல்லித்தரும் கல்லூரி நடத்த வேண்டும். உழவர், தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி எட்ட வேண்டும் என்பதே நோக்கம். இல்லினாய்க்கு 4,80,000 ஏக்கருக்கான நிலப் பத்திரங்கள் கிடைத்தன. 1867-ல் 'இல்லினாய் தொழில் பல்கலைக்கழகம்' பிறந்தது. இன்று படிப்பவர்கள் 50,000-க்கும் மேல்.

நடு மைதானத்தின் புல்வெளியைக் கடந்து தெற்கே நடந்தால் நூலகம். அதைத் தாண்டியதும் வெட்டவெளி. தரைமட்டத்தில் ஒரு முற்றம் மட்டும் பள்ளமாகத் தெரிகிறது. அதைச் சுற்றி இரண்டு தளங்கள், மண்ணுக்குள். இளநிலை மாணவர்களுக்காக 1969-ல் திறந்த நூலகம் அது. இப்போது ஆவணங்களுக்கும் அரிய நூல்களுக்குமான இடமாக மாறுகிறது. இத்தனை பெரிய கட்டடத்தைப் பூமிக்குள் இறக்கியதற்குச் சொல்லப்படும் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. மக்காச்சோள வயல் ஒன்று. மாடி எழுப்பினால் பயிரின் மேல் நிழல் விழும்.

மாரோ வயல் என்று பெயர். 1876-ல் மான்லி மைல்ஸ் தொடங்கி, ஜார்ஜ் மாரோ வளர்த்தெடுத்த சோதனை நிலம். அமெரிக்காவில் இதைவிடப் பழைய பயிர்ச் சோதனை வயல் கிடையாது. முதலில் பத்துப் பாத்திகள். கட்டடங்கள் நெருக்கியதில் மூன்றுதான் மிச்சம். ஒன்றில் தொடக்கம் முதல் இன்றுவரை மக்காச்சோளம், மக்காச்சோளம் மட்டுமே. அடுத்ததில் ஒரு வருடம் மக்காச்சோளம், மறு வருடம் ஓட்ஸ். 1967 முதல் ஓட்ஸுக்குப் பதில் சோயா. மூன்றாவதில் மக்காச்சோளம், ஓட்ஸ், பிறகு தீவனப் பயிர் என்று மூன்றாண்டுச் சுழற்சி.

நான் போனபோது கதிர் பிடிக்கும் பருவம். எருவே காணாத துண்டின் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். கீழ் இலைகளில் நுனியிலிருந்து மஞ்சள் கிளம்பி, நடு நரம்போடு காம்பை நோக்கி ஏறியிருந்தது. ஓரங்கள் மட்டும் பச்சை. தழைச்சத்துப் பசி. தண்டு விரல் பருமன்தான். சில அடி தள்ளி, உரமும் சுழற்சியும் கண்ட துண்டில் பயிர் என் தலைக்கு மேலே கருகருவென்று நின்றது. விதை ஒன்று, மழை ஒன்று, வெயில் ஒன்று. மண்ணை நடத்திய விதம்தான் வேறு.

இந்தப் புல்வெளிக் கரிசல் என்றைக்கும் வற்றாது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். வற்றும் என்று காட்டியது இந்த வயல். 1904 முதல் தொழு உரமும் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் சில துண்டுகளுக்குக் கொடுத்தார்கள். 1955-ல் ரசாயன உரம் சேர்ந்தது; விளைச்சல் ஏறியது. கதை அதோடு முடியவில்லை. 2007-ல் இங்குள்ள மண்ணியல் அறிஞர்கள், பல பத்தாண்டுகள் ரசாயன உரம் போட்டும் மண்ணின் கரிமச்சத்து குறைந்திருப்பதாக எழுதினார்கள். பெரிய விவாதம் கிளம்பியது. அப்படி விவாதிக்கவே நூறாண்டுக் கணக்கு கையில் இருக்க வேண்டும். ஓராண்டுத் திட்டப் பணத்தில் வருகிற விடை அல்ல அது. அரசுப் பணத்தில், அவசரமில்லாமல், கைமாறிக் கைமாறிக் காத்தால்தான் வரும்.

மண்ணியல் படிக்கும் கோபிச்செட்டிபாளையத்துப் பெண் ஒருத்தி உடன் வந்தாள். "நம்ம கோயமுத்தூர்லயும் ஒண்ணு இருக்குதுங்ணா. 1909-ல இருந்து நடக்குது. ஊர்ல யாருக்குமே தெரியறதில்லைங்" என்றாள். உண்மைதான். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக வளாகத்தின் நிரந்தர உரச் சோதனை வயலைச் சொன்னாள். அந்த வழியாகப் போகிற எத்தனை பேருக்கு அது என்னவென்று சொல்லியிருக்கிறோம்?

வடக்கே பொறியியல் பக்கம் திரும்பினேன். ஜான் பார்டீனின் பெயரில் ஒரு சதுக்கம். இயற்பியலில் இரண்டு நோபல் பரிசுகள், 1956-லும் 1972-லும், வாங்கிய ஒரே மனிதர். அவருடைய மாணவர் நிக் ஹோலன்யாக் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். இங்கே படித்து முடித்து, 1962-ல் கண்ணுக்குத் தெரியும் ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்துகாட்டினார், மறு ஆண்டே ஆசிரியராகத் திரும்பி வந்தார். மாரில் நினைத்தது இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் மாரிலின் சட்டம் அள்ளிக் கொடுத்த அந்த ஏக்கர்கள் யாருடையவை? நாடு முழுக்க இப்படிக் கொடுத்தது ஒரு கோடி ஏக்கருக்கும் மேல். மிரட்டியும், ஒப்பந்தம் என்ற பெயரில் ஏமாற்றியும், சில இடங்களில் ஒப்பந்தமே இல்லாமலும் பூர்வகுடிகளிடமிருந்து எடுத்தவை. 2020-ல் பத்திரிகையாளர்கள் துண்டு துண்டாகத் தேடி அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். இந்த ஊர் நிற்கும் மண்ணும் பியோரியா, மயாமி, கிக்கபூ போன்ற மக்களின் மண். விழா மேடையில் அவர்கள் பெயரை வாசிப்பது போதாது. அந்த மக்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லாத படிப்பைத் தருவதுதான் குறைந்தபட்ச நியாயம்.

மாலையில் தெற்குப் பண்ணைப் பக்கம் போய் வட்டக் களஞ்சியங்களைப் பார்த்தேன். 1907-லிருந்து 1913-க்குள் கட்டிய மூன்று மாட்டுக் கொட்டகைகள். நடுவில் தீவனக் குதிர். சுற்றிலும் கறவை மாடுகள். ஒரே ஆள் நடுவிலிருந்து எல்லா மாட்டுக்கும் தீவனம் போடலாம்; சதுரக் கொட்டகையைவிட மரமும் குறைவாகப் பிடிக்கும். அந்தச் செலவுக் கணக்கை வரைபடங்களோடு 1910-ல் சிறு வெளியீடாக அச்சிட்டார்கள். மாநில உழவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் பண்ணைகளிலும் வட்டக் கொட்டகைகள் எழுப்பினார்கள்.