இரண்டாகப் பிரியும் ஆறு

ஒரு பிடி அரிசியை வெள்ளைத் தாளில் கொட்டி, அது பரவி நின்ற விளிம்பை ஒட்டிப் பென்சிலை ஓட்டினால் ஒரு தேசத்துக்குக் கடற்கரை கிடைத்துவிடுகிறது. இல்லாத நாடுகளுக்கு வரைபடம் போடப் பழகுகிறவர்களுக்குச் சொல்லித்தரப்படும் உபாயம் இது. வெறும் கையால் வரைந்தால் கரை சீராக வளைந்து வளைந்து போகும். விரல்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு, அரிசிக்குக் கிடையாது. தள்ளித் தெறித்த மணிகள் தீவுகளாகின்றன. குவியலின் நடுவே விழுந்த இடைவெளி ஏரியாகிறது. அரிசியை அள்ளிய பிறகு பார்த்தால், நான் தீர்மானிக்காத ஒரு முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே யாராவது குடியிருந்தே ஆகவேண்டும் என்று உடனே தோன்றிவிடுகிறது.

அடுத்தது மலை. கரையை ஆகாயத்திலிருந்து பார்த்து வரைகிறோம். மலையை மட்டும் தரையில் நிற்பவர் பார்க்கிற மாதிரி பக்கவாட்டில், முகடும் சரிவுமாக வரைகிறோம். பழைய வரைபடக்காரர்கள் இரண்டு பார்வையையும் ஒரே தாளில் கூச்சமில்லாமல் வைத்தார்கள், பார்க்கிறவர்களுக்கும் அது உறுத்தவில்லை. வெளிச்சம் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு வலப்பக்கச் சரிவில் மையைத் தீற்ற வேண்டும். இடது மேல் மூலை என்றால் வடமேற்கு. நம் வானத்தில் நண்பகல் சூரியன் அங்கே நிற்பதே இல்லை. ஆனாலும் மேலிருந்து பார்த்துத் தீட்டும் நிழல் படங்களில் தெற்கிலிருந்து ஒளி விழுந்தால் பலர் கண்ணுக்கு மலை பள்ளமாகவும் பள்ளத்தாக்கு மேடாகவும் தலைகீழாகிவிடும். கண்ணின் இந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆயத்த மலைகளை இழுத்து ஒட்டிக்கொள்ளக் கணினி மென்பொருள்கள் இருக்கின்றன. நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஒவ்வொரு மலைக்கும் பேனா தனியாக ஏறி இறங்க வேண்டும்.

ஆறுதான் கடினம். ஆறுகள் கூடும், பிரியாது என்பது இந்தக் கலையில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் விதி. ஏரிக்குள் எத்தனை ஆறு வேண்டுமானாலும் வரலாம், வெளியே போவது ஒன்றுதான். நியாயமான விதி. ஓடும் தண்ணீருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தால், ஒன்று மற்றதைவிட விரற்கடையளவாவது தாழ்ந்திருக்கும். தண்ணீர் அதிலே கூடுதலாக இறங்கும், அரித்து ஆழமாக்கும், மற்றது தூர்ந்துபோகும்.

ஆனால் நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவன். நான் வரைந்த ஆறு பிரிந்துதான் ஓடியது, விதியைப் படித்த பிறகும் அதை அழிக்க மனம் வரவில்லை. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்து, நடுவில் ஸ்ரீரங்கத்தைத் தீவாக விட்டுவிட்டுப் போகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அதற்கும் கீழே குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று பிரிந்து பிரிந்து, பூம்புகாரில் கடலைத் தொடும்போது காவிரி என்ற பெயர் ஓர் ஒடுங்கிய கிளையிடம்தான் மிஞ்சுகிறது. சமவெளிக்கு வந்ததும் வாட்டம் குறைகிறது, வேகம் குறைகிறது, சுமந்துவந்த வண்டல் படுகையிலேயே தங்குகிறது, படுகை உயர்கிறது, வெள்ளம் கரையை உடைத்துப் புது வழி தேடுகிறது. டெல்டாவில் பிரிவதுதான் ஆற்றின் இயல்பு.

சின்ன வயதில் மாமா என்னைச் சைக்கிளில் வைத்து வாய்க்கால் தலைப்புக்குக் கூட்டிப்போவார். ஷட்டரைப் பார்த்தபடி நெடுநேரம் நிற்பார். “இந்தப் பக்கம் ஒரு சாண் தூக்கினா அந்தப் பக்கம் நாத்து காயும்டா” என்பார். ஊர் ஆட்கள் ராத்திரியில் டார்ச் விளக்கோடு மதகுக்குக் காவல் போனதையும், கடைமடைக்காரர்கள் தண்ணீர் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் விசாரித்ததையும் கேட்டு வளர்ந்தேன். என் தாளில் ஆறு பிரியும் இடத்தில் ஒரு சிறு வட்டம் போட்டேன். அது ஊர். அங்கே ஒரு தலைப்பு இருக்கும், அதைத் திறக்கும் உரிமை யாருக்கோ இருக்கும், இரண்டு கிளைகளின் கடைசியிலும் காத்திருக்கும் ஊர்கள் இருக்கும். எண்ணாமல் போட்ட கோடு காரணம் கேட்கிறது, அந்தக் காரணத்தோடு மனிதர்கள் வந்துவிடுகிறார்கள்.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சனுக்கு நேர்ந்ததும் இதுதான். 1881இல் ஸ்காட்லாந்தின் பிரேமரில் ஒரு குடிசை வீடு, வெளியே ஓயாத மழை. விடுமுறைக்கு வந்திருந்த மனைவியின் மகன் வண்ணப்பெட்டியோடு படம் போட்டுக்கொண்டிருக்க, இவரும் கூட உட்கார்ந்து ஒரு தீவை வரைந்து வண்ணம் தீட்டினார். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கையில் காடுகளுக்கு நடுவே மனித முகங்கள் தெரியத் தொடங்கின என்று பிற்பாடு 1894இல் வெளிவந்த தம் கட்டுரையில் சொல்கிறார். ‘ட்ரெஷர் ஐலண்ட்’ நாவல் அப்படித்தான் பிறந்தது. பக்கத்திலிருந்த ஒரு குட்டித் தீவுக்கு எலும்புக்கூட்டுத் தீவு என்று அழகுக்காகப் பெயர் வைத்தார். பெயருக்கு நியாயம் வேண்டியிருந்தது, புதையலுக்குத் திசைகாட்டும் எலும்புக்கூடு கதைக்குள் வந்தது. படத்தில் துறைமுகங்கள் இரண்டு விழுந்திருந்தன. இரண்டு இருந்ததால்தான் ஹிஸ்பானியோலா கப்பல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அலைய நேர்ந்தது. சிறுவன் ஜிம் கப்பலின் பாய்மரத்தில் ஏறி, கத்தியோடு துரத்தும் இஸ்ரேல் ஹேண்ட்ஸை எதிர்கொள்ளும் அந்தக் கட்டம், தூரிகை தற்செயலாக உள்வாங்கிய ஒரு வளைவில் தொடங்கியது.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. புத்தகம் அச்சாகும்போது பதிப்பாளருக்கு அனுப்பிய வரைபடம் போய்ச் சேரவில்லை. ஸ்டீவன்சன் மறுபடி வரைய உட்கார்ந்தார். முதல் முறை தீவு இருந்தது, கதை அதற்குள் நடந்தது. இப்போது எழுதி முடித்த புத்தகத்தை வரிவரியாகப் பிரித்து, எந்தக் குன்றிலிருந்து எது தெரிந்தது, எங்கிருந்து எங்கே எவ்வளவு தூரம் என்று பட்டியலிட்டு, கவராயத்தோடு அளந்து அளந்து தீவைக் கதைக்குப் பொருத்த வேண்டியிருந்தது. வேலை நடந்தது அவருடைய அப்பாவின் அலுவலகத்தில். அப்பா தாமஸ் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். தாத்தா ராபர்ட் அலைமூடும் பாறைமீது பெல் ராக் விளக்கத்தை எழுப்பியவர். நிஜக் கடற்கரைகளை அளந்து பிழைத்த குடும்பம். அப்பா தம் பங்குக்குக் கதையில் வரும் கொள்ளையர் தலைவன் கேப்டன் ஃபிளிண்டின் பெயரில் பொய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நீர் பீய்ச்சும் திமிங்கிலங்களும் பாய்க்கப்பல்களும் வரையப்பட்டன. உலகம் முழுக்கக் குழந்தைகள் இன்றும் விரல்வைத்துப் பார்ப்பது அந்த இரண்டாவது படத்தைத்தான். ஸ்டீவன்சனுக்கு மட்டும் கடைசிவரை அது தம் தீவாகத் தோன்றவில்லை. தொலைந்த தாளில் எந்தக் கதைக்கும் பயன்படாத ஓடையோ மேடோ இருந்திருக்கும். இரண்டாவதில் அதற்கு இடமேது?

காரணத்துக்காக வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜேம்ஸ் ரென்னல் இருக்கிறார். வங்காளத்தின் தலைமை நில அளவையாளராக இருந்து அந்த மாகாணத்துக்கு அட்லஸ் தயாரித்தவர், கற்பனைக்காரர் இல்லை. 1796இல் முங்கோ பார்க் என்ற பயணி ஆப்பிரிக்காவுக்குள் போய், நைஜர் ஆறு கிழக்கே ஓடுவதைக் கண்ணால் பார்த்துவந்தார். தெற்கே அவ்வளவு பக்கத்தில் கடல் இருக்க, ஆறு ஏன் கிழக்கே போக வேண்டும்? மலை மறித்திருக்க வேண்டும் என்று ரென்னல் 1798இல் கினியா கரைக்கு மேலே கிழக்குமேற்காக நீளும் காங் மலைத்தொடரை வரைந்தார். மற்றவர்கள் அதைப் பார்த்து வரைந்தார்கள், சிலர் சிகரங்களில் பனியைக்கூடத் தூவினார்கள். லூயி குஸ்தாவ் பேஞ்சே அந்த இடத்துக்கே நடந்துபோய், அங்கே மலைத்தொடர் இல்லை என்று 1889இல் அறிவிக்கும்வரை அது நின்றது. நைஜர் உண்மையில் தெற்கே திரும்பிக் கடலில்தான் விழுகிறது. 1830இல் லாண்டர் சகோதரர்கள் படகில் அதன் வழியே இறங்கிக் கடலைத் தொட்டுக் காட்டினார்கள். ஐரோப்பிய வணிகக் கப்பல்கள் அந்த முகத்துவாரங்களுக்கு நெடுங்காலமாக வந்துபோய்க்கொண்டுதான் இருந்தன. ஒரே ஆறு அத்தனை கிளையாகப் பிரிந்து நின்றதால், அதுதான் நைஜர் என்று மாலுமிகளுக்குத் தெரியவில்லை. கங்கையின் கிளைகளைப் படகில் போய் அளந்தவர் ரென்னல். ஆறு பிரியும் என்பதை அவரைவிட அறிந்தவர் அன்றைய லண்டனில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

காங் மலைகளின்மேல் எனக்குப் பெரிய பரிவு. என் நாட்டின் வடக்கே தாள் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ரென்னல் போட்ட அதே கிழக்குமேற்கு வாக்கில் அந்தத் தொடரை அங்கே வரையப்போகிறேன். கடற்காற்று தெற்கிலிருந்து வருவதாக முன்பே அம்புக்குறி போட்டிருப்பதால், தென்சரிவில் மழை கொட்டும். வடபுறம் மானாவாரிக் காடு. இருபக்கமும் ஆடுமாடு ஓட்டிப்போக ஒரு கணவாய் விடவேண்டும். அதற்கு எந்தப் பக்கத்தார் பெயர் வைத்திருப்பார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.