ஏரித் தண்ணீரை ஏரியிலேயே விட்டு

செப்டம்பர் 9
அடுத்த பரிசோதனை வரைக்கும் இவர் வாகனம் ஓட்டக்கூடாது என்று டொக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். இடது கை பிடிக்கிறது; பிடித்ததை இவருக்கே தெரியாமல் விட்டுவிடுகிறது. வரும் வழியெல்லாம் பேச்சில்லை. வீட்டு வாசலில் மட்டும் கேட்டார்: "அப்ப, போட்?"

போட் பியூட்லியில், றைஸ் ஏரிக் கரையில் கட்டிக்கிடக்கிறது. அந்தத் துறை கைமாறுகிறது. தாங்க்ஸ்கிவிங்குக்கு முன் எடுத்துவிடச் சொல்லி வந்த கடிதம் மேசையில் கிடக்கிறது.

செப்டம்பர் 10
நித்திரை இல்லை.

செப்டம்பர் 14
காசு கொடுத்து ஆள் பிடிக்கலாம் என்கிறான் மகன். பிறத்தியார் வந்து அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போக, இவர் ஓரமாக நின்று பார்க்கவேண்டி வரும். என்னால் அதைத் தாங்கமுடியாது. நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இரவு கணக்குப் பார்த்தேன். ஒன்ராறியோவில் என்னுடைய சாதாரண ஜி லைசென்சுக்கே 4,600 கிலோ வரை ட்ரெயிலர் இழுக்கலாம். எங்கள் ஹைலாண்டருக்கு எல்லை 2,268 கிலோ, அதாவது 5,000 இறாத்தல். படகு மக்கிரகர் 26எக்ஸ், கலிபோர்னியாவில் கட்டியது. படகு, மோட்டார், ட்ரெயிலர், அடுப்பு, நங்கூரம், மெத்தை எல்லாம் சேர்த்து 1,750 கிலோ என்று இவர் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்தப் படகு கவிழாமல் நிற்பதற்காகத் தன் அடிவயிற்றில் ஏரித் தண்ணீரை நிரப்பிக்கொள்ளும், 600 கிலோவுக்கு மேல். அதோடு இழுத்தால் எல்லை தாண்டிவிடும். தரைக்கு வரும்போது அந்த எடையைக் கரையிலேயே விட்டுவிடலாம் என்பதுதான் அதைச் செய்தவர்களின் யோசனை. எங்களைப் போன்றவர்கள் பெரிய ட்ரக் வாங்காமல் படகு வைத்திருக்க முடிவது அதனால்தான்.

அந்த 5,000ஐ மட்டும் நம்பவும் கூடாது. ஹிட்ச் உருண்டைமேல் அழுத்தும் பாரம், பத்தில் ஒன்று என்று வைத்தாலும், 175 கிலோ. காருக்குள் இருக்கும் ஆட்களோடும் சாமான்களோடும் அதையும் கூட்டி, சாரதிக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் சொன்ன எடைக்குள் அடக்கவேண்டும். சரி, பாரத்தைக் குறைப்போம் என்று சாமான்களைப் படகின் பின்பக்கம் தள்ளினால் ட்ரெயிலர் ரோட்டில் வாலாட்டத் தொடங்கிவிடும்.

செப்டம்பர் 20
பள்ளிக்கூடத் தரிப்பிடத்தில் வெறும் ட்ரெயிலரோடு பழகினேன். முன்னுக்குப் போவதில் ஒன்றுமில்லை. பின்னுக்கு எடுத்தால் அசையமாட்டேன் என்றது. 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெயிலருக்கு இங்கே பிரேக் கட்டாயம். எங்களுடையது, ட்ரெயிலர் காரை முட்டித் தள்ளும்போது தானாகப் பிடிக்கிற பிரேக். பின்னுக்கு எடுக்கும்போதும் அதே முட்டல்தான்; பிரேக்குக்கு இரண்டும் ஒன்று. காரின் ரிவர்ஸ் விளக்கிலிருந்து வரும் கம்பிதான் அதை விடுவிக்கவேண்டும். பிளக்கைக் கழற்றினால் முனை பச்சை பிடித்திருந்தது. நான் பிடித்துக்கொள்ள, இவர் வலது கையால் பேனாக்கத்தி கொண்டு சுரண்டினார். செப்பு பளிச்சென்று தெரியும் வரைக்கும் விடவில்லை.

"ஸ்டியரிங்கின்ர அடியிலே கையை வையும். ட்ரெயிலர் எந்தப் பக்கம் போகவேணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தும்."

போனது!

செப்டம்பர் 21
சக்கரத்துப் பெயரிங்குகளுக்கு கிரீஸ் அடித்தோம். ஓடிச் சூடான சக்கரம் குளிர் தண்ணீரில் இறங்கினால் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

செப்டம்பர் 27
சண்டை. "வித்துப்போடுவம்" என்றார். "வித்துப்போடுங்கோ" என்றேன். கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

பகல் முழுக்கப் பீற்றர்பரோ லிஃப்ட் லொக் ஞாபகம். 1904இல் திறந்தது. படகுகளை ஏற்றி இறக்கும் இரண்டு பெரிய தண்ணீர்த் தொட்டிகள். மேலே நிற்கும் தொட்டியில் ஓர் அடித் தண்ணீர் கூடுதலாக விடுவார்கள். அந்தப் பாரத்தில் அது இறங்க, மற்றது 65 அடி மேலே ஏறும். நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். மகன் சின்னவன், இவர் தோளில் இருந்தான். பாதி வழியில் இறங்கி வந்த தொட்டி எங்கள் பக்கத்தால் போனது. அதிலிருந்தவர்கள் கை காட்டினார்கள். இன்றைக்கு ஏன் அது வந்தது என்று தெரியவில்லை.

ஒக்டோபர் 4
எடுத்தாயிற்று.

ராம்ப் ஈரமாக, பாசி படிந்திருந்தது. இவர் பக்கத்து மேடையில் நின்றார். "என்ர கை கண்ணாடியிலே தெரியவேணும். தெரியாட்டி நிற்பாட்டும்." வலது கை வலப்பக்கம், மேலே, மூடிய முட்டி. நான் அந்தக் கையை மட்டுமே பார்த்தேன். மகன் படகை ஓட்டிவந்து ட்ரெயிலரில் ஏற்றி வின்ச்சை இறுக்கினான்.

தண்ணீருக்கு வெளியே இழுத்ததும் சரிவிலேயே நிறுத்தினேன். வால்வைத் திறந்தார்கள். அடியிலிருந்து ஏரி திரும்பி ஏரிக்குள் கொட்டியது. பின்னால் இரண்டு ட்ரக்குகள் காத்திருந்தன. ஒருவர் ஹோர்ன் அடித்தார். நான் அசையவில்லை. இவர் குனிந்து பார்த்து, "இன்னும் இல்லை" என்றார். பிறகும் "இன்னும் இல்லை". கடைசிச் சொட்டுவரைக்கும் நின்றோம்.

401 நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீற்றர். ஒரு பெரிய லொறி முந்திப் போக, அதன் காற்றில் பின்பக்கம் ஆடியது. ஆடினால் பிரேக்கைத் தொடக்கூடாது. ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டு காலை மெல்ல எடுக்கவேண்டும். எடுத்தேன். ஆட்டம் அடங்கியது. இவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் தன் இடது கையை வலது கையால் பிடித்தபடி முன்னே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒக்டோபர் 5
இரண்டு தோள்மூட்டும் நோகிறது. நல்ல நித்திரை.

ஒக்டோபர் 12
விலை கேட்டு ஒருவர் வந்தார். இவர் அவருக்கு வால்வை எப்படித் திறப்பது, தண்ணீர் போய்விட்டதா என்று எங்கே பார்ப்பது எல்லாம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காட்டினார். விலையை மட்டும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று நான் அனுப்பிவைத்தேன்.

ட்ரெயிலர் ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கிறது. கடைசி இரண்டும் செய்த ஆண்டு. எங்களுடையது பழசு. விற்றாலும் வைத்திருந்தாலும் இரண்டு ரயரையும் மாற்றத்தான் வேண்டும். நாளைக்கு விலை விசாரிக்கிறேன்.