அப்பா வீட்டுச் சொற்கள்

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் பேட்டர்ன் செய்யும் பட்டறைகள் உண்டு. பம்ப்செட்டின் உடலோ மோட்டாரின் மூடியோ இரும்பாவதற்கு முன் மரத்தில் உருவாவது அங்கேதான். தச்சர் கையில் இருக்கும் ஸ்கேலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதன் சென்டிமீட்டர், கடையில் வாங்கும் ஸ்கேலின் சென்டிமீட்டரைவிட ஒரு மயிரிழை நீளம். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். 100 மில்லிமீட்டர் பொருள் வேண்டுமென்றால் மரத்தை 101 மில்லிமீட்டரில் கடைய வேண்டும். அதை மணலில் அழுத்திப் பதித்து, பக்குவமாக உருவி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள். ஒரே மரத்திலிருந்து ஆயிரம் இரும்புப் பிள்ளைகள். எல்லாம் அச்சு அசல் அதே ஜாடை, உருவம் மட்டும் ஒரு சுற்றுச் சிறியது.

பேட்டர்ன் என்ற பெயர் இதற்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. அந்தச் சொல்லின் பாட்டன், லத்தீனில் தகப்பனைக் குறிக்கும் 'பாட்டர்'. பாட்டரிலிருந்து காப்பாளர் என்ற பொருளில் 'பாட்ரோனஸ்' வந்தது. அது பிரெஞ்சு வழியாக 'பேட்ரன்' ஆகி இங்கிலாந்துக்குப் போனது. காப்பவர் எவரோ அவரைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்பதால் முன்மாதிரிக்கும் அதுவே பெயராயிற்று. உச்சரிப்பு வழுக்கி, எழுத்து மாறி, 1700-ஐ ஒட்டி பேட்ரனும் பேட்டர்னும் தனிக்குடித்தனம் போய்விட்டன. பிரெஞ்சுக்காரர்கள் பாகம் பிரிக்கவில்லை. அவர்களுக்கு முதலாளியும் தையற்காரர் துணியில் வைத்து வெட்டும் காகித அச்சும் இன்றைக்கும் ஒரே சொல்தான். நம் ஊரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் "பேட்டர்ன மாத்திட்டாங்க" என்று புலம்பும்போது ஒரு ரோமானியத் தகப்பனை இழுத்துக்கொண்டுதான் புலம்புகிறார்கள்.

ஆங்கிலத்தின் 'ஃபாதர்' இந்தப் பாட்டரின் வாரிசு இல்லை, கூடப் பிறந்தது. லத்தீனில் ப என்று தொடங்குவது ஜெர்மானிய மொழிகளில் ஃப என்று மாறும் ஒழுங்கை யாக்கோப் கிரிம் 1822-இல் விளக்கிவிட்டார். தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம்தான். சமஸ்கிருதத்தின் பிதாவும் இந்தக் குடும்பத்தில் ஓர் அண்ணன். ரோமானியரின் பெரிய கடவுளான ஜூபிடர் பெயரின் பின்பாதியிலும் பாட்டர் உட்கார்ந்திருக்கிறார். நம் அப்பாவுக்கும் தந்தைக்கும் அந்த வீட்டோடு பந்தமில்லை. தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816-இலேயே சென்னையில் இருந்துகொண்டு ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் எழுதிவைத்தார்.

பாட்டர் வீட்டுச் சொற்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. சொத்து இருக்கிறது, பதவி இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது, நிலம் இருக்கிறது. தோளில் தூக்கித் திருவிழா காட்டிய அப்பாவைக் காணோம். ரோமில் அந்தச் சொல் உறவைவிட உத்தியோகத்தைத்தான் அதிகம் குறித்தது. பெற்றவரைச் சொல்ல 'கெனிட்டர்' என்று வேறு சொல் வைத்திருந்தார்கள். வீட்டுத் தலைவர் என்ற சட்டப் பட்டத்துக்குப் பிள்ளை இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. தனக்குமேல் தகப்பனோ தாத்தாவோ உயிரோடு இல்லாவிட்டால் போதும், பிள்ளையே இல்லாதவரும் சட்டப்படி பாட்டர்தான். மறுபக்கம், தகப்பன் இருக்கும்வரை மகனுக்கு எத்தனை வயதானாலும், நாட்டின் தலைமைப் பதவியான கான்சல் ஆனாலும், அவன் சம்பாதிப்பதெல்லாம் தகப்பன் கணக்கில் சேரும். கி.மு. 450-ஐ ஒட்டிய பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு: மகனைத் தகப்பன் மூன்று முறை விற்றுவிட்டால், அதன்பின் மகன் தகப்பன் பிடியிலிருந்து விடுதலை. இரண்டு முறை விற்பதுவரை சட்டம் சும்மா இருந்திருக்கிறது!

இந்த வீட்டிலிருந்து வந்ததுதான் பூர்வீகச் சொத்தைக் குறிக்கும் 'பேட்ரிமனி'. தாயைக் குறிக்கும் 'மாட்டர்' என்ற சொல்லில் அதே வால் ஒட்டி வந்தது 'மேட்ரிமனி'; நம் ஊர் வரன் தேடும் விளம்பரங்கள் புண்ணியத்தில் அது எல்லாருக்கும் தெரியும். அப்பா பெயரில் சொத்து, அம்மா பெயரில் கல்யாணம். யார் கையில் எது இருந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பத்திரம் கிடைக்காது.

பேட்ரனுக்கு வருவோம். விடிந்தும் விடியாமலும் ரோமானியப் பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் அண்டிப் பிழைப்பவர்கள் வந்து வணக்கம் சொல்லக் காத்து நிற்பார்கள். கூடையில் சாப்பாடோ கையில் சில்லறையோ கிடைக்கும். அடிமையை விடுதலை செய்தால் பழைய எஜமானரே அவனுக்குப் பேட்ரன். விட்ட பின்பும் விடாத உறவு. நம் கிளை நூலகங்களின் பலகையில் பெயர் எழுதியிருக்கும் புரவலர்கள் பாவம், பணம் கட்டியதைத் தவிர ஒன்றும் அறியாதவர்கள். ஆனால் 'பேட்ரனைஸ்' என்ற வினைச்சொல் அந்த வாசலை மறக்கவில்லை. ஆதரிப்பதற்கும் அதுதான் சொல், "உனக்கென்னப்பா தெரியும்" என்று முதுகில் தட்டும் தொனிக்கும் அதுதான் சொல்.

சில பிள்ளைகள் ஊர் மாறி அடையாளமே தெரியாமல் போய்விட்டன. கேபிள் டிவி வந்த புதிதில் நிகழ்ச்சி நடத்துபவரை 'காம்பியர்' என்போமே, அது ஞானத்தகப்பனுக்குப் பழைய பிரெஞ்சுப் பெயர். போர்த்துக்கீசியரின் 'பாத்ரே' முத்துக்குளித்துறையில் பாதிரியாகி, நம் வழக்கப்படி 'ஆர்' போட்டு மரியாதையும் பெற்றது. குற்றம் புரிவதைச் சொல்லும் 'பர்பெட்ரேட்' என்பதற்குள்ளும் பாட்டர்தான் இருக்கிறார் என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். லத்தீனில் அதற்கு ஒரு காரியத்தைச் செய்து முடிப்பது என்றுதான் பொருள். நல்லது கெட்டது என்ற பேதமில்லை. இங்கிலாந்தின் சட்டப் புத்தகங்களில் குற்றத்தோடு குடியிருந்து பெயர் கெட்டுப்போயிற்று.

தகப்பனிலிருந்து தகப்பன் நாடு, 'பாட்ரியா'. நாட்டை விட்டுப் போனால் எக்ஸ்பாட்ரியேட். அதைச் சுருக்கி 'எக்ஸ்பாட்' என்றால் பெரிய சம்பளமும் கம்பெனி வீடும் கண்முன் வரும். திரும்ப அனுப்பினால் ரீபாட்ரியேட். இந்தச் சொல் வரும் இடத்தில் சம்பளமும் வீடும் பெரும்பாலும் இருப்பதில்லை.

இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த இலங்கை மலையகத் தமிழர்கள் கதையில் அந்தத் தகப்பன் இரண்டு முறை வருகிறார். முதல் முறை 1948-இல், குடியுரிமைச் சட்டத்தில். இலங்கையிலேயே பிறந்திருந்தாலும் போதாது. தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழித் தாத்தாவும் அவருக்குத் தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அம்மா எங்கே பிறந்தாள் என்ற கேள்வி இந்த விதியில் இல்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, பொழுது விடிந்தால் கொழுந்துக் கூடையோடு மலையேறிய சனத்திடம் தாத்தாவின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? பல லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள்.

இரண்டாம் முறை 1964 அக்டோபர் 30, இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். கணக்கில் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பேசி, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-இல் அவர்களையும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். வந்தவர்களை ஆங்கிலக் கோப்புகள் தகப்பன் நாட்டுக்குத் திரும்பியவர்கள் என்றன. தமிழில் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதினார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணை அதற்குமுன் பார்த்ததே இல்லை. 'திரும்பியோர்' என்ற பகுதி இரண்டு மொழியிலும் பொய். அவர்களுக்கு வேலை தர நீலகிரியில் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1976-இல் அது டான்டீ என்ற கழகமாயிற்று. கோத்தகிரியிலும் கூடலூரிலும் ஊர்க்காரர்கள் அந்தக் கோப்புகளைப் படிக்கவில்லை. சிலோன்காரங்க என்றார்கள்.

இலங்கையிலேயே தங்கியவர்களில் நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்கு இலங்கை நாடாளுமன்றம் 2003-இல் ஒரு சட்டம் இயற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும், அங்கே வசிக்கும் அவர்களது வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை. மகன் வழியா, மகள் வழியா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.