குறி தப்பியதாகச் சொன்னேன்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைக் காட்டில் நான் சுட்ட காட்டுப்பன்றிக்குக் குண்டு பட்டது. கூட வந்தவர்களிடம் குறி தப்பிவிட்டது என்று சொன்னேன். தேடிப் போகாமல் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தேன். அந்தப் பன்றியால் நட்டப்பட்ட ஒருவர் பிறகு எனக்கு நன்றி சொன்னார். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். குற்றம் இவ்வளவுதான். அதுவரை நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லத்தான் மற்றதெல்லாம்.

ஈப்போவில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். எண்களோடு புழங்குவதுதான் பிழைப்பு. எந்த வண்டிக்கு எந்த பேரிங், எத்தனை மில்லிமீட்டர் என்று புத்தகத்தைப் புரட்டாமல் சொல்லுவேன். அந்தப் பழக்கம் ஒரு நாள் ரைபிள் தோட்டாக்கள் மேல் திரும்பியது. உலகத்து வேட்டைக்காரர்கள் ஓயாமல் மல்லுக்கட்டும் கேள்வி ஒன்று உண்டு: .30-06 நல்லதா, .308 நல்லதா? புந்தோங்கில் தே தாரேக் குடிக்க உட்கார்ந்தால் அந்த வழக்கை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நானே வாதாடுவேன். கேட்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அவர்களில் ஒருவரும் ரைபிளைத் தொட்டதில்லை. நானும்தான் தொட்டதில்லை. மலேசியாவில் என்னைப் போன்ற ஆளுக்கு ரைபிள் லைசென்ஸ் குதிரைக் கொம்பு. என் பெயரில் இருப்பது ஒரு சாதாரண பன்னிரண்டு போர் துப்பாக்கி. நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற 'செனாப்பாங் பாத்தா'.

இருந்தாலும் அந்த வழக்கு சுவையானதுதான், மறுக்க மாட்டேன். இரண்டு தோட்டாவிலும் குண்டின் குறுக்களவு ஒன்றே, 7.8 மில்லிமீட்டர். வேறுபடுவது பின்னால் இருக்கிற பித்தளைக் கூடு. 1906இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட .30-06இன் கூடு 63 மில்லிமீட்டர் நீளம். 1952இல் வின்செஸ்டர் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த .308இன் கூடு 51 மில்லிமீட்டர். பழையதில் வெடிமருந்துக்கு ஐந்தில் ஒரு பங்கு இடம் கூடுதல். அப்படியானால் வேகமும் அந்த அளவுக்குக் கூட வேண்டும் அல்லவா? கூடுவதில்லை. 9.7 கிராம் குண்டைப் பழையது வினாடிக்குச் சுமார் 887 மீட்டரில் தள்ளும், புதியது 860இல் தள்ளும். நூற்றுக்கு மூன்றுதான் வித்தியாசம். புதியது பிறந்தபோது மருந்தின் தரம் உயர்ந்திருந்தது. கூட்டுக்குள் அனுமதித்த அழுத்தமும் சற்று அதிகம். கூடு சின்னதானால் துப்பாக்கியின் பூட்டும் சின்னதாகும், எடையும் குறையும்.

சுட்ட கூட்டை மறுபடி நிரப்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். மருந்தைப் பற்றவைக்கும் பழைய கேப்பைத் தட்டி எடுத்து, கூட்டை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பு வைத்து, மருந்தை எடைபோட்டுக் கொட்டி, மேலே குண்டைப் பதிப்பார்கள். கனமான குண்டு வேண்டுமென்றால் .30-06இன் நீளக் கூடு வசதி; மருந்தை மிச்சம் பிடிக்க .308. இதையெல்லாம் மேசைமேல் விரலால் கோடு போட்டு விளக்குவேன். அந்த அழுத்துக் கருவியை நேரில் பார்த்தவன் இல்லை. இந்த நாட்டில் அனுமதி இல்லாமல் ஒரே ஒரு தோட்டா நிரப்பினாலும் போலீஸ் வந்துவிடும்.

வரத்தான் செய்யும். தோட்டாவை எண்ணிப் பார்க்கிற வழக்கம் இந்த மண்ணில் ரத்தத்தோடு வந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்று விதி வந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1971ஆம் ஆண்டின் சுடுகருவிச் சட்டம், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குப் பதினான்கு ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் விதிக்கிறது.

அவசரகாலத்தில் என் அப்பா தோட்டத்து ஹோம் கார்டு. இரவுக் காவலுக்குப் போகும்போது தோட்டாவை எண்ணிக் கொடுப்பார்களாம், விடிந்ததும் எண்ணி வாங்குவார்களாம். ஒன்று குறைந்தால் எங்கே சுட்டாய், எதைச் சுட்டாய், அது என்ன ஆனது என்று மூன்று கேள்வி வரும் என்பார். பேராக் காடுகளில் அப்போது பட்டாளத்தின் கையில் இருந்தது .303. பின்னாளில் வந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்குப் போட்டது .308இன் ராணுவத் தங்கை. அப்பா சொன்னதில் இந்த விவரத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அந்த மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டேன்.

இனி என் துப்பாக்கிக்கு வருகிறேன். அதில் நான் போடுவது எஸ்.ஜி. தோட்டா. உள்ளே ஒன்பது ஈயக் குண்டுகள், ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், மூன்றரை கிராம் எடை. குழலை விட்டு வெளியே வந்ததும் விரியத் தொடங்கும். இருபத்தைந்து மீட்டரில் ஏறக்குறைய முக்கால் மீட்டர் வட்டத்துக்குள் விழும். நாற்பதைத் தாண்டினால் வட்டம் ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். பன்றியின் உயிர்நிலை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். அதனால் இருபத்தைந்து மீட்டருக்குள் வந்தால் சுடு, இல்லாவிட்டால் விட்டுவிடு. இதைப் புரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். .30-06இன் அழுத்தக் கணக்கை மனப்பாடம் செய்த எனக்கு இது தெரியாமல் இல்லை. சப்பென்று இருந்ததால் யாரிடமும் பேசியதில்லை. பேசாத எதையும் நான் மதித்ததும் இல்லை.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட ஒரு பழைய தோட்டத்தை ஒட்டி எங்களுக்குச் சின்னத் துண்டு நிலம். இளங்கன்றின் குருத்தைப் பன்றிகள் தோண்டித் தின்றுவிடும். காட்டுப்பன்றியும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் சுடக் கூடாது. உரிமம் இருந்தது. அன்று சாயங்காலம் வெளிச்சம் இன்னும் அரை மணி நேரம் தாங்கும் என்ற நிலையில் பன்றி வாய்க்கால் ஓரமாக வெளியே வந்தது. தூரம் நாற்பது மீட்டருக்கு மேல். அது தெரிந்தே சுட்டேன். பக்கத்தில் இரண்டு நண்பர்கள் நின்றார்கள். அவர்கள் என் பேச்சை அத்தனை நாள் கேட்டவர்கள். அவர்கள் முன்னால், "தூரம் அதிகம், விட்டுவிடலாம்" என்று சொல்ல வாய் வரவில்லை.

பன்றியின் பின்பக்கம் ஒரு கணம் சரிந்ததை நான் பார்த்தேன். இடது பின்னங்கால். எழுந்து, அந்தக் காலை இழுத்துக்கொண்டு புதருக்குள் போனது. நண்பர்கள் நின்ற இடத்திலிருந்து அது மறைவு. "என்னண்ணே, பட்டுச்சா?" என்று கேட்டார்கள். "தப்பிருச்சு" என்றேன்.

அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது வேட்டைக்குப் போகிற சின்னப் பையனுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் காத்திருந்து, ரத்தம் விழுந்த இடத்தில் அடையாளம் வைத்து, தடம் பார்த்துப் போக வேண்டும். இருட்டிவிட்டால் காலையில் ஆள் கூட்டிக்கொண்டு வந்து தேட வேண்டும். முடியாவிட்டால், அடிபட்ட பன்றி ஒன்று உள்ளே இருக்கிறது, ஜாக்கிரதை என்று அங்கே வேலை செய்கிறவர்களிடமாவது சொல்ல வேண்டும். மூன்றில் எதையும் நான் செய்யவில்லை. அடிபட்ட பன்றியின் புதருக்குள் நுழைய எனக்குப் பயம். பயத்தைக்கூட மன்னித்துக்கொள்ளலாம், அது உயிருக்குப் பயம். மற்றவர்களிடம் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் பயம் இல்லை, மானம். சொன்னால், பட்டும் சாகவில்லை, தூரம் தெரியாமல் சுட்டான் என்று ஆகிவிடும். தப்பிவிட்டது என்றால் யாருக்கும் நேர்வதுதான்.

மூன்றாம் நாள், தோட்டத்து லயத்தில் இன்னமும் குடியிருக்கும் ஓர் அக்காவின் நாயைப் பன்றி கிழித்துவிட்டது. அக்கா அந்தக் காலத்தில் பால் வெட்டியவர். இப்போது செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறார். நாய் எப்போதும் முன்னால் ஓடும். வழக்கமாக மனிதச் சத்தம் கேட்டால் ஓடிவிடும் பன்றி அன்று ஓடவில்லையாம், நின்று திருப்பித் தாக்கியதாம். "ஒரு காலை இழுத்து இழுத்து வந்துச்சு தம்பி, இடது காலு" என்று அவரே எனக்குச் சொன்னார். நாய் ஓடியிராவிட்டால் அந்தக் கோரைப்பல்லுக்கு எதிரே அவர்தான் நின்றிருப்பார்.

நாயின் வயிற்றில் தையல் போட வேண்டியிருந்தது. டாக்டர் செலவை நான் கொடுத்தேன். ஏன் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை. "பெத்த பிள்ளைங்ககூட இப்படிச் செய்யாது, உனக்கு நல்ல மனசுப்பா" என்றார். லயத்தில் நாலு பேருக்குச் சொல்லவும் செய்தார். அந்த வருஷத் தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு வந்தது. கொடுத்த பணம் தண்டம் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஊர் அதைத் தருமம் என்று எழுதிக்கொண்டது. நான் திருத்தவில்லை. சுட்டதைவிட, மறைத்ததைவிட, இதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்தப் பன்றியைச் சுட்டது வேறு யாராவதாக இருக்கலாம், சட்டப்படி நிரூபிக்க முடியாது என்று ஒரு சமாதானமும் செய்து பார்த்தேன். நொண்டிய கால் இடது கால் என்று கேட்டபோதே அது செத்துப்போனது.

ஜிம் கார்பெட்டை நான் இளம் வயதிலேயே படித்தவன். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்கு அவருக்குப் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி ரைபிள் என்பது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். நம் தருமபுரி, சேலம் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். அதுவும் வரும். ஆனால் சம்பாவத் புலியைப் பற்றிக் கார்பெட் எழுதிய முக்கியமான செய்தி எனக்குள் தங்கவே இல்லை. அதன் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. யாரோ முன்பு சுட்ட குண்டு பட்டு உடைந்தவை, அதனால்தான் தன் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதர்மேல் பாய்ந்தது என்பது அவர் முடிவு. நானூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள் என்பது கணக்கு. முதலில் சுட்டவன் பெயர் எங்கும் இல்லை. அவனும் வீட்டுக்குப் போய்க் குறி தப்பிவிட்டது என்று சொல்லியிருப்பானோ என்னவோ. நான் கார்பெட்டின் பக்கங்களில் துப்பாக்கியின் அளவைத் தேடிப் படித்தேன். என்னைப் போன்ற ஒருவன் அதே பக்கங்களில் இருந்ததைக் கவனிக்கவில்லை.

எந்தத் தோட்டா சிறந்தது என்ற பேச்சு எனக்கு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போது ஓரளவு புரிகிறது. அந்தப் பேச்சில் விலங்கு எப்போதும் விழுந்துவிடும். வினாடிக்கு 887 மீட்டரா 860ஆ என்று பேசும்வரை, குண்டு போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். உண்மையில் இரண்டில் எதை எடுத்தாலும் ஒரு பன்றிக்குத் தாராளம். நூற்றுக்கு மூன்று வேகத்தை வைத்து எந்தப் பன்றியும் பிழைத்ததும் இல்லை, செத்ததும் இல்லை. தூரத்தைப் பார்த்து விரலை எடுப்பதும், சுட்ட பிறகு தேடிப் போவதும் துப்பாக்கி பிடித்தவன் வேலை. அதற்குத் தோட்டா பொறுப்பேற்காது. எனக்கு ரைபிளே கிடைத்திருந்தாலும் அன்று நான் நூற்றைம்பது மீட்டரில் நின்று இதே தப்பைச் செய்திருப்பேன்.

போன மாதம், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் மகன் போனில் ஏதோ வேட்டைப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, உங்களத்தான் கேக்கணும்னு இருந்தேன். .308 நல்லதா, .30-06 நல்லதா?" என்றான். உட்கார்ந்தேன். கூட்டின் நீளத்தில் ஆரம்பித்து, அழுத்தம், மருந்து, மறுபடி நிரப்புவது வரை வந்தேன். பையன் அசையாமல் கேட்டான். முடித்தபோது இருட்டிவிட்டது, அக்கா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன், வந்துவிட்டேன்.

வாயைத் திறந்தால் நான் எங்கே போவேன் என்று இப்போது எனக்கே தெரிந்துவிட்டது. அதனால் எழுத்தில் கொடுக்கிறேன். அக்காவுக்குப் படிக்க வராது. அந்தப் பையன்தான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.